சான் ஸ்தாயெ துறையில் ஏறுங்கள்

வெனிஸ்,
11 அக்டோபர் 1964

அன்புள்ள எல்டா அத்தைக்கு,

நெரீனா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவின் இருமல் போய்விட்டது. இப்போது பூனை இருமுகிறது. உங்களுக்கும் ப்ரூனோ மாமாவுக்கும் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் அனுப்பிய நீலக் கம்பளிச் சட்டை என் பிறந்தநாளுக்கு முன்பே வந்துவிட்டது. கை கொஞ்சம் நீளம். எனக்கு அது வசதிதான். யாராவது என்னைப் பார்த்தால் விரல்களை உள்ளே இழுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது எனக்கு நான்கு வயது, உங்கள் முகம் நினைவில்லை. உங்களுக்கும் என்னைத் தெரியாது. அதனால் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வயதில் பள்ளியை விட்டேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் என் குரல் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இப்போது ஹோட்டல்களுக்குத் துணி வெளுக்கும் இடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிறேன். விரிப்புகள் கேள்வி கேட்பதில்லை. வியாழக்கிழமை மதியம் விடுமுறை.

பார்சலை அப்பாதான் பிரித்தார். தபால்தலையைப் பார்த்துவிட்டு, "ஆஸ்திரேலியாக்காரி அனுப்பினதா?" என்றார். அம்மா கத்தரிக்கோலை நீட்டினாள். "வேணாம்" என்று சொல்லி முடிச்சை விரலாலேயே அவிழ்த்தார். ரொம்ப நேரமானது. கயிற்றைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். இப்போதும் அதே ஒன்றாம் எண் படகைத்தான் ஓட்டுகிறார். ரயில் நிலையத்திலிருந்து லிதோ தீவு வரை ஒரு துறை விடாமல் நின்று போகிற படகு.

நான்கு வரி எழுதினால் போதும் என்று அம்மா சொன்னாள். கூடிப்போய்விட்டது.

உங்கள்,
நெரீனா

*

மெல்போர்ன்,
2 நவம்பர் 1964

என் செல்ல நெரீனாவுக்கு,

உன் கடிதம் கண்டு துள்ளினேன். நானும் ப்ரூனோவும் கல்லு மாதிரி இருக்கிறோம். உன் அம்மா எப்படி இருக்கிறாள்? கீழ்வீட்டு மீன்காரி சோஃபியா இன்னும் கத்துகிறாளா? படகில் கயிறு போடும் மோமிக்கு முடி மிச்சமிருக்கிறதா? பூனைக்கு இருமல் தேவலையா?

நீ பேசுவதில்லை என்கிறாய். நல்லதாயிற்று, பேசுகிறவர்கள் எதையும் பார்ப்பதில்லை. என்னையே எடுத்துக்கொள். இருபத்தாறு வருடம் அந்த ஊரில் இருந்தேன். ஊரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை! நம் ஆட்கள் படகில் எங்கே நிற்போம்? நடுவில், இறங்கும் வழியை அடைத்துக்கொண்டு, கையில் கூடையோடு, அடுத்த வீட்டு வம்பு பேசிக்கொண்டு. முன்னால் இருக்கிற இருக்கைகள் வெளிநாட்டுக்காரர்களுக்கு. இங்கே பிஸ்கட் தொழிற்சாலையில் பெண்கள் என்னிடம், "உங்க ஊர் அரண்மனையெல்லாம் எப்படி இருக்கும் எல்டா?" என்று கேட்கிறார்கள். எனக்கு என்ன தெரியும்? நான் எதிரில் நிற்பவளின் கூடையில் என்ன மீன் என்று பார்த்துக்கொண்டிருந்தவள்.

அதனால் உனக்கு ஒரு வேலை. வியாழக்கிழமை மதியம் போய் முன் இருக்கையில் உட்கார். டூரிஸ்ட் மாதிரி. லிதோ வரை போ. பார்த்ததை எனக்கு எழுது. வாயே வேண்டாம், கண் போதும்.

ஆசை முத்தங்களுடன்,
எல்டா அத்தை

*

வெனிஸ்,
29 நவம்பர் 1964

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் சுகம். பூனையும் சுகம். மோமி மாமாவின் தலை முட்டை மாதிரி ஆகிவிட்டது. சோஃபியா அக்கா நீங்கள் கேட்டதாகச் சொன்னதும் சந்தோஷப்பட்டு இன்னும் சத்தமாகக் கத்தினார். அப்பாவுக்கு ஈரக் காற்றில் முழங்கால் வலிக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, சும்மா எழுதினேன்.

சலூத்தே மாதா திருவிழாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினோம், ஆட்டிறைச்சிக் கஞ்சி குடித்தோம். மறு வியாழன் முன் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். உட்காருவதற்குள் உயிர் போய்விட்டது. நடுவில் நின்ற சோஃபியா அக்கா, "என்னடி, ஜெர்மன்காரி ஆயிட்டியா? காமிரா எங்க?" என்று கத்த, படகே திரும்பிப் பார்த்தது. விரல்களைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டேன். ஓட்டுகிறவர் அறை முன் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறதல்லவா, அப்பாவின் பார்வை என் கழுத்தில் படுவது தெரிந்தது.

ஆனால் படகு நகர்ந்ததும் மறந்துபோனேன். அத்தை, தண்ணீர் இறங்கியிருக்கும்போது அரண்மனைப் படிகளுக்கெல்லாம் பச்சைத் தாடி இருக்கிறது. ஒரு பெரிய வீட்டின் மூன்றாம் மாடியில், கல்லில் செதுக்கிய சிங்கத்தின் வாயில் கட்டிய கொடியில் தலையணை உறைகள் காய்ந்துகொண்டிருந்தன. சரியாகத் தேய்க்காத உறைகள், தூரத்திலிருந்தே தெரிந்தது. ரியால்தோ பாலத்துக்கு அடியில் போகும்போது எல்லோருடைய குரலும் ஒரு நொடி வேறு யாருடையதோ போல ஆகிவிடுகிறது. இதை இத்தனை நாள் நான் கவனித்ததில்லை.

வீட்டில் அப்பா கேட்டார்: "முன்னாடி உட்காந்து அப்படி என்னத்த பார்த்த?"

"அரண்மனை."

"அது எங்கயும் ஓடிடாது. துறைய பாரு. நான் படகை எப்படிச் சேர்க்கறேன்னு பாரு."

அது உண்மைதான். அப்பா படகைத் துறையில் சேர்த்தால் மடியில் முட்டை வைத்திருந்தாலும் உடையாது. மற்றவர்கள் ஓட்டும் படகில் டூரிஸ்டுகள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள்.

அன்புடன்,
நெரீனா

*

மெல்போர்ன்,
20 டிசம்பர் 1964

செல்ல நெரீனா,

எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. இங்கே வெயில் கொளுத்துகிறது. ப்ரூனோ பனியனோடு திரிகிறார், மற்றபடி ஆரோக்கியம். உன் அம்மாவுக்கும் சோஃபியாவுக்கும் மோமியின் முட்டைத் தலைக்கும் என் விசாரிப்பு.

உன் கடிதத்தைத் தேநீர் இடைவேளையில் வாசித்துக் காட்டினேன். பச்சைத் தாடிக்குக் கைதட்டினார்கள். இன்னொரு தடவை போ.

அந்த முட்டைக் கதையை மட்டும் நம்ப மாட்டேன். என் காலத்தில் அந்த மனிதர் படகைச் சேர்த்தால் கசாப்புக் கடையில் எலும்பு வெட்டுகிற சத்தம் கேட்கும். நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

அந்த மனிதர் என்றதும் நினைவு வருகிறது. சொல்லிவிடுகிறேன், நீயும் பெரியவளாகிவிட்டாய். நான் ஊரை விட்டுப் போகக்கூடாது என்று அவருக்குக் கோபம். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளம்பிய அன்று, மார்ச் மாதம், பெட்டிகளைக் காய்கறிக்காரன் தோணியில் அனுப்பிவிட்டு நம் வீட்டுத் துறையான சான் ஸ்தாயெயில் படகு ஏறாமல் நான் ஸ்டேஷனுக்கு நடந்தே போனேன். படகைவிட நடை சீக்கிரம் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? ஸ்டேஷன் படியில் நின்று கால்வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவருடைய முறை. படகு வரும், இறங்கிவந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று இருந்தேன். வேண்டாம், அங்கிருந்து கையாவது அசைப்பார். படகே வரவில்லை. ரயில் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

அதை விடு. சலூத்தே கோயில் உச்சியில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து எழுது.

முத்தங்களுடன்,
எல்டா அத்தை

*

வெனிஸ்,
31 ஜனவரி 1965

அன்புள்ள அத்தைக்கு,

அம்மா சுகம், நான் சுகம், அப்பாவுக்கு முழங்கால். உங்கள் வெயிலில் கொஞ்சம் இங்கே அனுப்புங்கள்.

சலூத்தே கோயில் உச்சியில் யார் என்று தெரியவில்லை. பனிமூட்டம். கோயிலே இல்லை. ஆனாலும் முன் இருக்கையில்தான் உட்கார்ந்தேன். படகில் ஆளே இல்லாததால் மோமி மாமா பக்கத்தில் வந்து நின்றார். மூட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். பார்க்க ஒன்றுமில்லாததால் அதையே எழுதுகிறேன்.

"ஒரு படகோட்டி இருந்தான் பாப்பா. ஒரு நாளும் லேட்டா வந்தவன் இல்ல. ஒரு மார்ச் மாசம், காலையில, சான் ஸ்தாயெ துறையில படகைச் சேர்த்தவன் எடுக்கவே இல்ல. 'கயித்த அவுக்காத'ன்னான். சரின்னு புடிச்சுட்டு நிக்கறேன். ஜனம் கத்துது. 'மீன் நாறிப்போகுதுய்யா, எடு!'ங்கறான் ஒருத்தன். 'ஓட்டறவன் செத்துட்டானா?'ங்கறா ஒருத்தி. அவன் காதுலயே வாங்கல. சந்து முனையையே பார்த்துட்டிருக்கான். 'யாருப்பா வரணும்?'னேன். 'பெட்டியோட வருவா. வேற வழி இல்ல அவளுக்கு, என் படகுலதான் ஏறணும்'னான். யாரும் வரல. அப்புறம் எடுத்தோம். ஸ்டேஷன் போய்ச் சேரும்போது படி காலியா கிடந்துச்சு. மேலிடத்துல நல்லா திட்டு வாங்கினான். ஏன் நிறுத்தினேன்னு மட்டும் கடைசி வரைக்கும் சொல்லல."

மோமி மாமா வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரே ஒரு படகோட்டியோடுதான் இருக்கிறார். அது எந்த வருடம் என்று நான் கேட்கவில்லை.

மூட்டம் விலகியதும் சலூத்தேயைப் பார்த்து எழுதுகிறேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெரீனா

*

மெல்போர்ன்,
11 ஏப்ரல் 1965

நெரீனாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. பிறகு கை வலி. பிறகு காகிதம் தீர்ந்துவிட்டது. இப்போது சுகம்.

உன் அம்மா எப்படி இருக்கிறாள்? சோஃபியா? மோமி? பூனை? உன் அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஜூன் மாதம் வருகிறேன். ப்ரூனோவுக்கு விடுப்பு இல்லை, நான் மட்டும். கப்பலுக்குச் சீட்டு வாங்கியாயிற்று. புது அடுப்புக்குச் சேர்த்து வைத்திருந்த பணம் கப்பலில் போகிறது என்று ப்ரூனோ சொல்லிச் சிரிக்கிறார். ஒரு விடுதியில் தங்கிக்கொள்கிறேன். வீட்டில் சொல்லாதே. எனக்குத் தைரியம் வர வேண்டும். முதலில் டூரிஸ்ட் மாதிரி ஊரைப் பார்க்கிறேன். நீதான் கைடு. பேச வேண்டாம், விரலை நீட்டினால் போதும்.

எல்டா அத்தை

*

வெனிஸ்,
25 ஏப்ரல் 1965

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் சுகம். முழங்கால் வெயில் வந்ததும் தேவலை. நீங்கள் கேட்டதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல நினைத்து அடுக்களை வரை போனேன், வாய் வரவில்லை.

நீங்கள் வருவதையும் யாரிடமும் சொல்லவில்லை. அது எனக்குச் சுலபம்.

நீங்கள் வந்து சேரும் வாரத்து வியாழன் மதியம் நான் காத்திருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். ஸ்டேஷனில் ஏறாதீர்கள். உங்கள் விடுதி எங்கே இருந்தாலும் சரி, நடந்து வந்து சான் ஸ்தாயெ துறையில் ஏறுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

தொப்பி ஒன்று கொண்டு வாருங்கள். பெரியதாக.

உங்கள்,
நெரீனா

*

மெல்போர்ன்,
14 ஜூன் 1965

அன்பு மருமகள் நெரீனாவுக்கு,

ப்ரூனோ மாமா எழுதுவது. எனக்கு எழுத்து வராது. சிமெண்டு பூசுகிற கை. தவறு இருந்தால் பொறுத்துக்கொள். இங்கே நான் ஒருவன்தான், பழைய அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறேன். எல்டாவிடமிருந்து தந்தி வந்தது: "மோதினான். சுகம்."

யார் மோதினது? எதன் மேல்? யார் சுகம்? தந்தியைத் தொழிற்சாலைப் பெண்களிடம் காட்டினேன். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்குத் தூக்கம் இல்லை. நீ விவரமாக எழுதுகிற பெண் என்று எல்டா சொல்வாள். உடனே எழுதம்மா.

ப்ரூனோ

*

வெனிஸ்,
27 ஜூன் 1965

அன்புள்ள ப்ரூனோ மாமாவுக்கு,

எல்லோரும் சுகம். அத்தையும் சுகம். யாருக்கும் அடியில்லை, ஒரு ஜெர்மன்காரரின் ஐஸ்கிரீமைத் தவிர. இனித் தூங்குங்கள்.

வியாழக்கிழமை சான் ஸ்தாயெ துறையில் நின்றேன். குடை அளவு வைக்கோல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு அம்மாள் வந்து, "எக்ஸ்கியூஸ் மீ" என்று என்னிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். பிறகு அந்தக் கண்ணாடிக்குக் கீழே கன்னம் நடுங்கியது. அப்பாவுக்கும் கோபம் வரும்போது அதே கன்னம்தான் நடுங்கும். கையைப் பிடித்துக்கொண்டேன்.

படகு வந்தது. அப்பா ஓட்ட, மோமி மாமா கயிறு போட்டார். அத்தை நேராகப் போய் முன் இருக்கைகளுக்கு நடுவே நின்றுகொண்டார். நான் பக்கத்தில். என்னைப் பார்த்து அப்பா தலையாட்டினார். அத்தையை அவர் பார்க்கவே இல்லை. முன்னால் நிற்பவர்களை எங்கள் ஊரில் யாரும் பார்ப்பதில்லை, அவர்கள் வெளிநாட்டுக்காரர்கள்.

ரியால்தோவுக்கு முன்னால் அப்பா மோமி மாமாவிடம் சொல்வது கேட்டது: "அந்தத் தொப்பிக்காரிய உக்காரச் சொல்லுய்யா, பாலம் தெரியல."

மோமி மாமா வந்து கையால் ஜாடை காட்டினார். அத்தை, "நோ, தேங்க் யூ" என்றார். "உக்கார மாட்டாளாம், ராணி!" என்று அவர் திரும்பிப் போனார்.

நான் விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தேன். தாடிப் படிகள், சிங்கத்தின் வாய். அன்றைக்குத் தலையணை உறை இல்லை, ஒரு உள்பாவாடை. அத்தை தொப்பிக்குள் சிரித்தார்.

இனிமேல்தான் விஷயம். படகு துறையைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் எங்கள் ஊர்க்காரர்களின் முழங்கால் தானாகக் கொஞ்சம் மடங்கும். சொல்லிக் கொடுத்து வருவதில்லை. நடக்கப் பழகும்போதே வந்துவிடும். அப்பாவின் படகு எவ்வளவு மெதுவாகச் சேர்ந்தாலும் கம்பியைப் பிடிக்காத டூரிஸ்ட் ஒரு அடியாவது தடுமாறுவார். அத்தையின் இரண்டு கையிலும் பை. கம்பியைத் தொடவே இல்லை. ஒவ்வொரு துறையிலும் அந்த முழங்கால் மடங்கியது. தொப்பி ஆஸ்திரேலியா, கண்ணாடி ஆஸ்திரேலியா. முழங்காலை மாற்ற அத்தைக்குத் தோன்றவில்லை.

சான் தொமா துறையில் திரும்பிப் பார்த்தேன். அப்பா பாலத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்க்கவில்லை. அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காதேமியா துறையில் படகு மோதியது. டமார் என்று, துறையே ஆடியது. ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். ஐஸ்கிரீம் பறந்தது. "ஒத்தாவியோ, கண்ணாடி வாங்கிக்கய்யா!" "குடிச்சிருக்கியா?" என்று நடுவிலிருந்து கூச்சல். முன்னால் விழாமல் நின்றது அத்தையும் நானும்தான். அத்தை திரும்பாமலே, சுத்தமான எங்கள் ஊர்ப் பேச்சில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இன்னும் கசாப்புக்காரன் மாதிரிதான் மோதறான்!"

அப்பாவின் முகம் வெளுத்துப்போயிற்று. அவர் தலைக்கு மேல், ஓட்டுகிறவரோடு பேசக்கூடாது என்ற பலகை. அவரும் பேசவில்லை. அத்தை ஒரு நொடி காத்திருந்தார். பிறகு பயம் வந்துவிட்டது போல. "வேணாம் நெரீனா, தப்பு பண்ணிட்டேன்" என்று முணுமுணுத்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக விறுவிறுவென்று இறங்கினார். மோமி மாமாவின் கை கயிற்றில் இருந்தது. அவிழ்த்தால் படகு போய்விடும். அத்தை ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், மறுபடியும்.

மாமா, அதற்குப் பிறகு கேட்ட சத்தம் என்னுடையது என்று எனக்கே முதலில் தெரியவில்லை.

"கயித்த அவுக்காதீங்க! அத்த, நில்லுங்க! அப்பா, இது அத்தப்பா!"

கால்வாயின் அந்தப் பக்கம் வரை கேட்டதாம். சோஃபியா அக்காவே காதைப் பொத்திக்கொண்டாராம்.

அப்பா ஜன்னலைத் திறந்தார். துறையில் நின்ற தொப்பியைப் பார்த்துச் சொன்னார்: "ஏறு. ரொம்ப நேரம் நிக்க முடியாது. ஏற்கனவே ஒரு தடவை நின்னதுக்கே திட்டு வாங்கியிருக்கேன்."

அத்தை ஏறினார். இந்த முறை முன்னால் போகவில்லை. அப்பாவின் ஜன்னலுக்குப் பக்கத்தில், அந்தப் பலகைக்குக் கீழே நின்றார். லிதோ வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, சட்டப்படி. ஜன்னல் ஆடாமல் இருக்க அப்பா ஒரு சணல் கயிறு கட்டி வைத்திருக்கிறார். அத்தை அதைத் தொட்டுப் பார்த்தார், அது அவரே என் சட்டைப் பார்சலில் கட்டிய கயிறு என்று தெரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

லிதோவில் எல்லோரும் இறங்கியதும் அப்பா வெளியே வந்தார்.

"தொப்பி சகிக்கல" என்றார்.

"முழங்கால் எப்படி இருக்கு?" என்றார் அத்தை.

"மழை வந்தா வலிக்கும்."

"இப்ப மழை இல்லையே."

"அப்ப வலிக்கல." முழங்காலைத் தட்டிக் காட்டினார். "அன்னிக்கு எப்படித்தான் போன நீ?"

"நடந்து."

"நடந்தா!"

மோமி மாமா சிரித்த சிரிப்பில் அவர் தொப்பி தண்ணீரில் விழுந்துவிட்டது. "பன்னண்டு வருஷமா மூஞ்சிய தூக்கி வச்சுட்டிருந்தானே, கடைசியில நடந்து போயிருக்கா!" என்று லிதோ பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்பாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றே அத்தை விடுதியைக் காலி செய்துவிட்டார். என் கட்டிலில்தான் தூங்குகிறார். குறட்டை விடுகிறார், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அன்புடன்,
நெரீனா

*

வெனிஸ்,
19 செப்டம்பர் 1965

அன்புள்ள அத்தைக்கும் ப்ரூனோ மாமாவுக்கும்,

அத்தை சுகமாக வந்து சேர்ந்தார் என்ற தந்தி கிடைத்தது. இங்கேயும் சுகம். கட்டில் அகலமாகிவிட்டது, எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை. பூனை உங்களைத் தேடுகிறது.

நீங்கள் கிளம்பிய நாளைப் பற்றித் தொழிற்சாலையில் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: அப்பா வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயணியாக ஏறினார், முன் இருக்கையில் தங்கையோடு உட்கார்ந்தார், ஸ்டேஷன் வரை வேறொருவர் ஓட்டியதைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். சோஃபியா அக்கா அவரிடமும் காமிரா கேட்டார். உங்கள் ரயில் போன பிறகு அவர் நடந்து வர மறுத்துவிட்டார். அடுத்த படகுக்குக் காத்திருந்து அதிலும் முன்னால்தான் உட்கார்ந்தார், எங்கள் துறையில் இறங்காமல் லிதோ வரை போனார். "ஏய், அந்த சிங்கத்தோட வாயில துணி காயப் போட்டிருக்கான் பாரு" என்றார். இத்தனை வருடத்தில் அதைப் பார்த்ததே இல்லையாம்.

என் நிலைமை மோசம். எந்தப் படகில் ஏறினாலும் கயிறு போடுகிறவர்கள், "பாப்பா, கயித்த அவுக்கலாமா?" என்று கேட்காமல் விடுவதில்லை. முதலில் சட்டைக் கைக்குள் விரலை இழுத்துக்கொண்டேன். போன வியாழன், "அவுத்துடுங்க, அவுத்துடுங்க, மீன் நாறுது" என்று சொல்லிவிட்டேன். படகே சிரித்தது. பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தது.

சலூத்தே கோயில் உச்சியில் நிற்பது மாதாதான். கையில் ஒரு கோல் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் படகோட்டி மாதிரி இருக்கிறார்.

கீழே கொஞ்சம் இடம் விடச் சொன்னார் அப்பா. அவர் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. அரை மணி நேரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள்,
நெரீனா

எல்டா,
சுகமா? நான் சுகம். மழை பெய்தது, வலிக்கவில்லை. அடுத்த தடவை வந்தால் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்து வராதே. நிற்கிறேன்.
ஒத்தாவியோ